கீசர் ஏன் சொட்டுகிறது? எங்கே, எப்போது என்று பார்த்தால் காரணம் தெரிந்துவிடும்

போன மார்கழியில் வடசென்னை காலடிப்பேட்டையிலிருந்து என் அத்தை போன் செய்தார். “கீசர் ஒழுகுதுப்பா. வந்து பார்த்தவரு டேங்க் போச்சு, புதுசுதான் மாத்தணும்னுட்டாரு. எட்டாயிரம் ஆகுமாம். வாங்கிடலாமா?” என்றார். “இருங்க அத்தை, நான் வந்து பார்க்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனேன். சுவிட்சைப் போட்டுவிட்டு ஸ்டூல் மேல் ஏறிப் பத்து நிமிடம் பார்த்ததில், டேங்கிலிருந்து ஒரு சொட்டும் வரவில்லை. தண்ணீர் உள்ளே போகும் வழியில் ஒரு சின்னப் பித்தளை வால்வு இருந்தது. அதன் ஓரத் துளையிலிருந்து, தண்ணீர் சூடாகும்போது மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த வால்வு செய்ய வேண்டிய வேலையே அதுதான்.

அதே கட்டடத்தில் மூன்றாவது மாடியில் கண்டது வேறு. அங்கேயும் இப்படித்தான் சொட்டியிருக்கிறது. யாரோ வந்து அந்தத் துளைக்கு டம்மி என்ற அடைப்பு மூடியைப் போட்டு, மேலே பசையும் பூசி அடைத்துவிட்டுப் போயிருந்தார். சொட்டு நின்றுவிட்டது, வீட்டில் எல்லோருக்கும் திருப்தி. எனக்கு அதைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு வீட்டில் பழுதே இல்லாத கீசரைத் தூக்கிப்போட இருந்தார்கள். இன்னொரு வீட்டில் உயிர்காக்கும் ஓட்டையை அடைத்துவிட்டார்கள். கீசரில் சொட்டு விழுந்தால் அது பழுதுதான், எல்லாச் சொட்டும் ஒன்றுதான் என்ற நினைப்புதான் இரண்டுக்கும் காரணம். அது சரியல்ல. தண்ணீர் எந்த இடத்திலிருந்து வருகிறது, எந்த நேரத்தில் வருகிறது என்று இரண்டையும் பார்த்தால் காரணம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

செம்பு பாய்லரும் கீசரும்

நம் பக்கத்தில் பாய்லர் என்றால் சிலருக்கு அத்திப்பட்டு அனல் மின் நிலையம் நினைவுக்கு வரும், சிலருக்கு டீக்கடை. கொஞ்சம் வயதானவர்களுக்கு வீட்டுக் கொல்லையில் இருந்த செம்பு பாய்லர். நடுவில் ஒரு குழல், அதில் கரியோ சிராய்த்தூளோ போட்டுப் பற்றவைப்பார்கள். சுற்றிலும் தண்ணீர். மேலே மூடியைத் திறந்து ஊற்றுவோம், கீழே குழாயைத் திருகிப் பிடித்துக்கொள்வோம். அந்த வேலையை இன்று குளியலறைச் சுவரில் தொங்கும் கீசர் செய்கிறது.

இரண்டுக்கும் ஒரே ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. செம்பு பாய்லரின் வாய் திறந்தது. மூடி சும்மா மேலே உட்கார்ந்திருக்கும். கீசரின் டேங்க் நான்கு பக்கமும் அடைத்தது. இந்தக் கட்டுரையில் வரும் பாதி விஷயம் இந்த வித்தியாசத்திலிருந்துதான் பிறக்கிறது.

கீசரின் வெளியே தெரிவது வெறும் சட்டை. உள்ளே ஒரு உலோக டேங்க். வீட்டுக்கு வழக்கமாக 15 லிட்டர் அல்லது 25 லிட்டர். சட்டைக்கும் டேங்குக்கும் நடுவே நுரை போன்ற பொருளை நிரப்பியிருப்பார்கள். ஃபிளாஸ்க்கில் காபி ஆறாமல் இருப்பது போல, உள்ளே சூடு தங்குவதற்கு அது.

டேங்கின் அடிப்பக்கத்தில் இரண்டு குழாய்கள். நீல வளையம் போட்டது குளிர்ந்த நீர் உள்ளே வரும் வழி, சிவப்பு வளையம் போட்டது வெந்நீர் வெளியேறும் வழி. உள்ளே போனால் சிவப்புக் குழாய் மட்டும் டேங்கின் உச்சி வரை நீண்டிருக்கும். சூடான நீர் இலேசானது, மேலே மிதக்கும். அதனால் உச்சியிலிருந்து எடுத்தால்தான் சூடாகக் கிடைக்கும். நீங்கள் வெந்நீர்க் குழாயைத் திறக்கும்போது கீழிருந்து குளிர்ந்த நீர் வந்து மேலேயுள்ள வெந்நீரைத் தள்ளுகிறது. ஆக, குளித்து முடித்த பிறகும் கீசர் காலியாவதில்லை. எப்போதும் கழுத்து வரை நிறைந்தே இருக்கும்.

நடுவில் எலிமென்ட். இதைக் காயில் என்றும் சொல்வார்கள். மின்சாரத்தைச் சூடாக மாற்றும் கம்பி அது. தண்ணீர் குறித்த சூட்டுக்கு வந்ததும் மின்சாரத்தை நிறுத்துவது தெர்மோஸ்டாட், இஸ்திரிப் பெட்டியில் இருப்பது போல. அது வேலை செய்யாமல் போனால் தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடாவதைத் தடுப்பதற்கு இரண்டாவது காவலாக ஒரு கட்-அவுட்டும் இருக்கும்.

இவ்வளவுதான் கீசர். எப்போதும் நிறைந்திருக்கும், முழுவதும் அடைத்த ஒரு பாத்திரம், அதற்குள் ஒரு அடுப்பு.

தண்ணீர் சூடானால் பெருக்கும்

ஒரு தவலையில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி அடுப்பில் வையுங்கள். கொதி வருவதற்கு முன்பே விளிம்பில் வழிய ஆரம்பிக்கும். யாரும் ஊற்றவில்லை, ஆனாலும் வழிகிறது. சூடு ஏற ஏற அதே தண்ணீருக்கு அதிக இடம் தேவைப்படுகிறது.

எவ்வளவு இடம்? 30 டிகிரியில் இருக்கும் தண்ணீர் 70 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு பங்கு பெருக்கும். கேட்பதற்குச் சின்னதாகத் தெரிகிறது. 15 லிட்டர் டேங்கில் கணக்குப் போட்டால் கால் லிட்டருக்குச் சற்று மேல், 25 லிட்டர் டேங்கில் அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு. அதாவது கீசர் ஒவ்வொரு முறை முழுதாகச் சூடாகும்போதும் ஒன்றிரண்டு டம்ளர் தண்ணீர் ‘எனக்கு இடம் வேண்டும்’ என்று கேட்கிறது. தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. டேங்கோ நிறைந்திருக்கிறது. அந்த டம்ளர் தண்ணீர் எங்கே போகும்?

பழைய வீடுகளில் அது வந்த வழியே திரும்பி மாடி டேங்கை நோக்கிக் குழாயில் ஏறிவிடும். யாருக்கும் தெரியாது. ஆனால் பல கீசர்களில் நீலக் குழாய்ப் பக்கம் நான்-ரிட்டர்ன் வால்வு போட்டிருப்பார்கள். சைக்கிள் டியூப் வால்வு போல: காற்று உள்ளே போகும், வெளியே வராது. இங்கே தண்ணீர் உள்ளே போகும், திரும்பாது. இது நல்லதுக்குத்தான். மாடி டேங்க் காலியானாலும் கீசர் காலியாகி, எலிமென்ட் தண்ணீர் இல்லாமல் காய்ந்து எரியாது. வடசென்னையில் மாடி டேங்க் காலியாவது எவ்வளவு சாதாரணம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

திரும்பும் வழி இப்படி அடைபட்டுவிட்டதால் இன்னொரு வழி வைத்திருக்கிறார்கள். அதுதான் பிரஷர் ரிலீஸ் வால்வு. உள்ளே அழுத்தம் ஒரு அளவைத் தாண்டினால் தானாகத் திறந்து கொஞ்சம் தண்ணீரை வெளியே விட்டு, அழுத்தம் குறைந்ததும் மூடிக்கொள்ளும் சின்ன வால்வு. குக்கரின் வெயிட்டை நினைத்துக்கொள்ளுங்கள். குக்கர் விசில் அடித்தால் யாரும் ‘குக்கர் ஒழுகுது’ என்று சொல்வதில்லை. இங்கே விசில் சத்தத்துக்குப் பதில் சொட்டு. பெரும்பாலும் இந்த இரண்டு வால்வுகளும் ஒரே பித்தளைத் துண்டுக்குள் சேர்ந்தே இருக்கும். பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோலும் வெளியேறும் துளையும் தெரியும். அத்தை வீட்டில் சொட்டியது அந்தத் துளைதான்.

அந்தத் துளையை அடைத்தால்

தெர்மோஸ்டாட் ஒழுங்காக வேலை செய்யும் வரை, அடைத்தாலும் பல நேரம் உடனே எதுவும் தெரியாது. அழுத்தம் ஏறும், இறங்கும். ஒவ்வொரு நாளும் டேங்கின் வெல்டிங் அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். இரும்புக் கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் அறுந்துபோவது போல, வெல்டிங்கும் என்றோ ஒரு நாள் விட்டுக்கொடுக்கும். இது சின்ன நஷ்டம்.

பெரிய ஆபத்து, தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு கட்-அவுட்டும் கைவிடும் நாளில் வரும். தண்ணீர் சூடாகிக்கொண்டே போகும். அடைத்த பாத்திரத்தில் அழுத்தத்தோடு இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் ஆவியாகாமல் தண்ணீராகவே இருக்கும். குக்கருக்குள் 120 டிகிரி வரை போவது அப்படித்தான். அந்த நிலையில் டேங்க் கிழிந்தால் அழுத்தம் சட்டென்று விழும், சூடான தண்ணீரில் ஒரு பகுதி கண்ணிமைக்கும் நேரத்தில் ஆவியாகும். தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1600 மடங்கு இடம் கேட்கும். கீசர் வெடித்தது என்று செய்தியில் படிக்கிறோமே, அதில் வெடிப்பது இந்த ஆவிதான். கீழே குளித்துக்கொண்டிருப்பது நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம்.

அதனால் தயவுசெய்து அந்தத் துளைக்கு டம்மி போடாதீர்கள், பசை பூசாதீர்கள், துணி கட்டாதீர்கள். சொட்டு தலையில் விழுந்து தொந்தரவாக இருந்தால் துளையில் ஒரு சின்ன டியூபை மாட்டி, கீழ்நோக்கிச் சாய்வாகத் தரைத் துவாரம் வரை கொண்டுபோங்கள். டியூபின் மறுமுனை எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். மூன்றாவது மாடி வீட்டில் அன்றைக்கே டம்மியை எடுக்க வைத்தோம். வால்வையும் புதிதாக மாற்றினார்கள்.

இதுவரை வந்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: சூடாகும் தண்ணீர் பெருக்கும். அந்தக் கூடுதல் தண்ணீரை வெளியே விடுவது வால்வின் கடமை. சூடாகும்போது மட்டும், வால்வின் துளையில் மட்டும், ஒன்றிரண்டு டம்ளர் அளவுக்குள் சொட்டினால் பழுது இல்லை.

வால்வு ஓயாமல் சொட்டினால்

சுவிட்சைப் போடாமல், தண்ணீர் ஆறிக் கிடக்கும்போதும் அதே துளையிலிருந்து சொட்டினால் கதை வேறு. அப்போதும் பழுது டேங்கில் இல்லை. இரண்டில் ஒன்று காரணமாக இருக்கும்.

முதலாவது, வால்வின் வாயில் ஏதோ சிக்கியிருக்கிறது. மணல், குழாயிலிருந்து வந்த துரு, சுண்ணாம்புத் துகள், எதுவாகவும் இருக்கலாம். சம்ப் கழுவி, மாடி டேங்க் கழுவிய பிறகு இது அதிகம் நடக்கும். கீசர் ஆறியிருக்கும்போது நெம்புகோலை இரண்டு மூன்று முறை தூக்கி விட்டால் தண்ணீர் வேகமாக வந்து துகளை அடித்துக்கொண்டு போய்விடும். அப்படியும் நிற்கவில்லை என்றால் வால்வை மாற்ற வேண்டும். கீசரின் விலையோடு ஒப்பிட்டால் அது மிகச் சின்னச் செலவு.

இரண்டாவது, குழாயில் வரும் அழுத்தமே அதிகம். இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. அழுத்தத்தை அளக்கும் அலகு பார். பத்து மீட்டர் உயரத்தில் நிற்கும் தண்ணீர் ஒரு பார் அழுத்தம் தரும். நான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியில் டேங்க் இருந்து, தரைத் தளத்தில் கீசர் இருந்தால் ஒன்றரை பார் அளவுக்கு வரும். கீசரின் தகட்டில் எத்தனை பார் தாங்கும் என்று அச்சிட்டிருப்பார்கள். பல மாடல்களில் 8 பார். ஆக, சாதாரண மாடி டேங்கால் பிரச்சினை வராது. ஷவர் வேகமாக வர வேண்டும் என்று பிரஷர் பம்ப் மாட்டிய வீடுகளிலும் உயரமான அடுக்குமாடிகளின் கீழ்த் தளங்களிலும்தான் இதைப் பார்க்க வேண்டும். குறைந்த பார் போட்ட கீசரை அங்கே மாட்டியிருந்தால் வால்வு திணறத்தான் செய்யும்.

‘சொட்டுதானே’ என்று விட்டுவிடவும் வேண்டாம். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு நான்கு லிட்டருக்கு மேல். நான்கு நாளில் ஒரு குடம். லாரி வரும் நேரம் பார்த்துக் குடத்தோடு நின்றவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும்.

‘உப்புத் தண்ணி’ என்று நாம் சொல்வது இரண்டு விஷயங்களை

இதுதான் நம் பகுதிக்கென்றே உள்ள பிரச்சினை. அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்தத் தெருவில் கேட்டாலும் “எங்க போர் உப்புத் தண்ணிங்க” என்பார்கள். அந்த ஒரு சொல்லில் இரண்டு வேறு தண்ணீர்கள் ஒளிந்திருக்கின்றன. கீசரை அவை இரண்டு வேறு வழிகளில் கெடுக்கின்றன.

ஒன்று கடின நீர். சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் அதிகம் கரைந்த நீர். நாக்கில் உப்பு தெரியாமலும் இருக்கலாம். சோப்பு நுரைக்காது, தலைமுடி பிசுபிசுக்கும், டைல்ஸில் வெள்ளையாகப் படியும். குடிநீருக்கான இந்தியத் தர அளவில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் வைத்திருக்கிறார்கள். இந்த நீரைச் சூடாக்கினால் கரைந்திருந்த சுண்ணாம்பு பிரிந்து கல்லாகப் படிகிறது. வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பார்ப்போமே, அதே படிவுதான். கீசருக்குள் அதிகச் சூடான இடம் எலிமென்ட் என்பதால் முதலில் அதன்மேல் படியும். சூடு தண்ணீருக்குப் போக வழியில்லாமல் எலிமென்ட் தனக்குள்ளேயே கொதித்து, ஒரு நாள் அதன் மேலுறை வெடித்துவிடும். உதிரும் துகள்கள் வால்வில் போய் உட்காரும். கீசர் ஓடும்போது கடகடவென்று, சோளம் பொரிவது போல் சத்தம் கேட்டால் உள்ளே படிவு கெட்டியாகிவிட்டது என்று பொருள்.

இன்னொன்று உண்மையான உப்பு நீர், கடல் உப்பு கலந்தது. மீஞ்சூர், பொன்னேரி பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல் நீர் பல கிலோமீட்டர் தூரம் உள்ளே புகுந்துவிட்டது. அரை நூற்றாண்டாக இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இந்த நீர் கல்லாகப் படிவதைவிட உலோகத்தை அரிப்பதுதான் அதிகம். உப்பில் இருக்கும் குளோரைடு இரும்பைத் துருப்பிடிக்க வைப்பது தெரிந்ததுதான். ‘எங்களுடையது எஸ்.எஸ். டேங்க், துருவே பிடிக்காது’ என்று நம்பியிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. துருப்பிடிக்காத எஃகைக் காப்பது அதன் மேலுள்ள கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம். சூடான குளோரைடு நீர் அந்தப் படலத்தை அங்கங்கே துளைத்து, ஊசி முனை அளவுக்குக் குழி தோண்டும். வெல்டிங் செய்த இடத்தில் முதலில் தோண்டும். வெளியிலிருந்து பார்த்தால் டேங்க் பளபளவென்றுதான் இருக்கும். ஊசித் துளையில் மட்டும் கசியும்.

பல வீடுகளில் போர் நீருக்கு ஒரு டேங்க், மெட்ரோ வாட்டருக்கு ஒரு டேங்க் என்று இரண்டு வைத்திருக்கிறார்கள். நம் பகுதிக்குப் புழல் ஏரி நீரும், 2010-இல் காட்டுப்பள்ளியில் தொடங்கிய கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தின் நீரும் வருகின்றன. அந்த நிலையத்தின் அளவு நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். வசதி இருந்தால் கீசருக்குப் போகும் குழாயை மெட்ரோ வாட்டர் டேங்கோடு இணைத்துவிடுங்கள். கீசரின் ஆயுளுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. முடியாதவர்கள் சூட்டைக் குறைத்து வைக்கலாம். 75 டிகிரியில் வைத்துவிட்டுப் பாதி வாளி குளிர்ந்த நீரைக் கலப்பதற்குப் பதில் 55, 60 டிகிரியில் வைத்தால் சுண்ணாம்பும் குறைவாகப் படியும், வால்வும் குறைவாகச் சொட்டும், கரண்ட் பில்லும் இறங்கும். சென்னைக் குளிருக்கு அது தாராளம்.

தன்னைக் கரைத்து டேங்கைக் காக்கும் கம்பி

கீசருக்குள் ஒரு கம்பி இருக்கிறது. பெயர் அனோட் ராடு. பெரும்பாலும் மக்னீசியத்தால் ஆனது. பத்து வருடம் கீசர் வைத்திருக்கும் பலருக்கும் அப்படி ஒன்று உள்ளே இருப்பதே தெரியாது. டேங்க் ஒழுகுவதற்கு ஆகப் பெரிய காரணம் இந்தக் கம்பியை யாரும் கவனிக்காததுதான் என்பேன்.

காசிமேட்டில் இரும்பு உடல் கொண்ட விசைப்படகைக் கரையேற்றிப் பழுது பார்க்கும்போது அடிப்பக்கத்தைப் பாருங்கள். கப்பல்களிலும் இதே ஏற்பாடுதான்: அங்கங்கே துத்தநாகக் கட்டிகளைப் பொருத்தியிருப்பார்கள். அலங்காரத்துக்கு அல்ல. இரும்பும் துத்தநாகமும் ஒன்றையொன்று தொட்டபடி உப்பு நீரில் கிடந்தால், கடல் முதலில் துத்தநாகத்தைத்தான் தின்னும். துத்தநாகம் முழுதும் கரையும் வரை இரும்புக்கு ஆபத்து குறைவு. ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கில விஞ்ஞானி 1824-இல் கப்பல்களுக்காகச் சொன்ன யோசனை இது. இருநூறு ஆண்டு கழித்து அதே யோசனை நம் குளியலறையில் தொங்குகிறது.

கீசர் டேங்க் பெரும்பாலும் இரும்பு. உள்பக்கம் கண்ணாடி போன்ற பூச்சு இருக்கும். எவ்வளவு கவனமாகப் பூசினாலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருந்தே தீரும். தண்ணீர் அந்தத் துளை வழியாக இரும்பைத் தொடும்போது மக்னீசியம் குறுக்கே வந்து ‘என்னை எடுத்துக்கொள்’ என்று தான் கரைகிறது. முழுதும் கரைந்து நடுக் கம்பி மட்டும் மிஞ்சிய பிறகு இரும்பைக் காக்க யாரும் இல்லை. துரு ஆரம்பிக்கும். வெளியே எந்த அறிகுறியும் இருக்காது. ஓரிரு வருடம் கழித்து ஒரு காலையில் அடியில் சொட்டும். அப்போது பார்த்துப் பயனில்லை.

நல்ல தண்ணீரில் இந்தக் கம்பி சில வருடம் தாங்கும். உப்பு நீர் மின்சாரத்தை எளிதாகக் கடத்துவதால் கரைவதும் வேகம். போர் நீர் ஓடும் வீட்டில் வருடத்துக்கு ஒரு முறை, மார்கழிக்கு முன்னால், கீசரைத் திறந்து சர்வீஸ் செய்யச் சொல்லுங்கள். “அனோட் ராடைக் கழற்றிக் காட்டுங்க” என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் பல இடங்களில் வெளியே துடைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கம்பி பாதிக்கு மேல் கரைந்திருந்தால் அப்போதே மாற்றிவிடுவது நல்லது. சில நூறு ரூபாய்ப் பொருள், பல ஆயிரம் ரூபாய் டேங்கைக் காப்பாற்றும்.

சுருக்கமாக: கடின நீர் எலிமென்ட்டையும் வால்வையும் கெடுக்கும், உப்பு நீர் டேங்கை அரிக்கும். அனோட் ராடு இருக்கும் வரை டேங்குக்குக் காவல்.

அடியில், வயர் பக்கம் ஈரமாக இருந்தால்

கீசரின் அடியில் ஒரு மூடி இருக்கும். அதைக் கழற்றினால் ஒரு வட்டத் தகடு தெரியும். எலிமென்ட்டும் பல மாடல்களில் அனோட் ராடும் அதில்தான் பொருத்தியிருப்பார்கள். தகட்டுக்கும் டேங்குக்கும் நடுவே ஒரு ரப்பர் வளையம். இதுதான் கேஸ்கெட். குக்கர் கேஸ்கெட்டின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் சூடாகி ஆறி, சூடாகி ஆறி ரப்பர் விறைத்துப்போகும், பிளக்கும், அந்த வழியே கசியும். சர்வீஸ் செய்யும்போது தகட்டைக் கழற்றிவிட்டுப் பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டாலும் கசியும். கழற்றினால் புதிதாகப் போடுவதே முறை.

பழுது சின்னது, ஆனால் மற்றக் கசிவுகளைவிட அவசரம். மின்சார இணைப்புகள் எல்லாம் அந்தத் தகட்டின் மேல்தான் இருக்கின்றன. அங்கே ஈரம் என்றால் ஷாக் அடிக்கும் வாய்ப்பு உண்டு. மூடியின் ஓரத்தில் ஈரம் தெரிந்தால், கீசர் போட்டதும் வீட்டில் இ.எல்.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே அணையும் பிரேக்கர்) விழுந்தால், குழாயைத் தொடும்போது விரலில் சுருக்கென்றால், யோசிக்கவே வேண்டாம். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, மின் பலகையில் கீசருக்கான பிரேக்கரை, அதாவது எம்.சி.பி.யை இறக்கிவிடுங்கள். சரிசெய்யும் வரை யாரும் அதில் குளிக்க வேண்டாம். மூடியை நீங்களே கழற்றிப் பார்க்கவும் வேண்டாம். எர்த் சரியாக இருக்கிறதா, கசிவு மின்சாரத்துக்கு 30 மில்லி ஆம்பியரில் விழும் பிரேக்கர் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் ஒரு முறை பார்க்கச் சொல்லிவிடுங்கள்.

குழாய் இணைப்புகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கீசரிலிருந்து சுவருக்குப் போகும் வளையும் பைப்பின் வாஷர் தேய்ந்திருக்கும், டெஃப்லான் டேப் இற்றுப்போயிருக்கும், அல்லது பின்னல் உறைக்குள் ரப்பர் வெடித்திருக்கும். அரை மணி நேர வேலை.

பார்ப்பது எப்படி

சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறாக இருக்கலாம். மொட்டை மாடி விரிசல் ஒரு மூலையில் இருக்க, கூரை இன்னொரு மூலையில் ஒழுகுவதைப் பார்த்திருப்போம். கீசரிலும் உச்சியில் கசிந்த நீர் சட்டைக்கும் டேங்குக்கும் நடுவே இறங்கி அடியில் வந்துதான் சொட்டும். கேஸ்கெட் மாற்றியும் நிற்கவில்லை என்று புலம்புகிறவர்கள் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

முதலில் எம்.சி.பி.யை இறக்கி, கீசர் ஆறும் வரை பொறுங்கள். வெளிப்பக்கம், குழாய்கள், வால்வு எல்லாவற்றையும் காய்ந்த துணியால் நன்றாகத் துடையுங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் செய்தித்தாள் துண்டு ஒன்றைச் சுற்றிவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள். எந்தத் துண்டு முதலில் நனைந்ததோ அங்கேதான் கசிவு. எதுவுமே நனையாமல் கீசரின் மேல்பக்கம் மட்டும் ஈரமானால், மேல் வீட்டுக் குளியலறையை ஒரு முறை சந்தேகப்படுங்கள். அப்புறம் காகிதத்தை எடுத்துவிட்டு, வயர் பக்கம் ஈரம் இல்லை என்று உறுதியானால் மட்டும், சுவிட்சைப் போட்டு 15, 20 நிமிடம் எட்ட நின்று பாருங்கள். சூடாகும்போது மட்டும் வருகிறதா, எப்போதும் வருகிறதா என்பது இதில் தெரிந்துவிடும்.

நிறத்தையும் பாருங்கள். ஓர் இணைப்பைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தால் பல நாளாக மெல்லக் கசிந்து, தண்ணீர் காய்ந்து, சுண்ணாம்பு மட்டும் தங்கியிருக்கிறது. இணைப்பைச் சரிசெய்தால் போதும். கீசர் உடம்பின் மடிப்பிலிருந்து செம்பழுப்பாக வழிந்த தடம் இருந்தால் அது துரு, டேங்கின் சேதி. வெந்நீர்க் குழாயில் மட்டும் பழுப்பாக வருகிறதா என்றும் பாருங்கள். குளிர்ந்த நீரும் பழுப்பாக வந்தால் குற்றம் கீசருடையது அல்ல, குழாயில் வரும் தண்ணீரே அப்படித்தான்.

டேங்கே போய்விட்டால்

இணைப்புகள் எல்லாம் காய்ந்திருக்கின்றன, வால்வு சரி, கேஸ்கெட் புதிது, ஆனாலும் அடியிலிருந்து சூடானாலும் ஆறினாலும் ஒரே சீராகச் சொட்டுகிறது, துருத் தடமும் இருக்கிறது என்றால் டேங்க் ஓட்டையாகிவிட்டது. வெல்டிங் வைக்கிறேன், உள்ளே பசை பூசுகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு துளை வந்துவிட்ட டேங்கில் மெலிந்த இடங்கள் இன்னும் பல இருக்கும். வெல்டிங் சூட்டில் உள்பூச்சும் உதிர்ந்துவிடும்.

ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் பீரோவில் இருக்கும் வாரண்டி அட்டையைத் தேடி எடுங்கள். கீசருக்கு ஒரு வாரண்டி, எலிமென்ட்டுக்கு ஒன்று, டேங்குக்குத் தனியாகப் பல ஆண்டு என்று மூன்று இருப்பது வழக்கம். முதல் வாரண்டி முடிந்ததுமே எல்லாம் முடிந்தது என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

புதிது வாங்கும்போது கடையில் கேட்க வேண்டியவை: ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, எத்தனை பார் தாங்கும், போர் நீருக்கு ஏற்ற உள்பூச்சா, அனோட் ராடு மாற்றுக்குக் கிடைக்குமா. லிட்டரும் ஸ்டார் குறியீடும் பார்த்து வாங்கி வருகிறோம், இந்த நான்கையும் கேட்பதில்லை. மாட்ட வருபவரிடம், பெட்டிக்குள் தந்திருக்கும் வால்வை ‘தேவையில்லை’ என்று ஒதுக்கி வைக்காமல் நீலக் குழாயில் போடச் சொல்லுங்கள். துளை கீழ்நோக்கி இருக்கட்டும். அதிலிருந்து ஒரு டியூபைத் தரைத் துவாரத்துக்கு அவரையே இறக்கிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

அத்தை வீட்டுக் கீசர் இன்னும் அதேதான். அந்த வாரமே அடித் தகட்டைக் கழற்றிப் பார்த்தோம். அனோட் ராடு சுண்டுவிரலை விட மெலிந்து, ஓரிடத்தில் நடுக் கம்பியே தெரிந்தது. புதிது போட்டோம், கேஸ்கெட்டும் மாற்றினோம். வால்வில் டியூப் மாட்டியாகிவிட்டது. காலையில் கீசர் போட்டால் டியூபின் முனையில் சொட்டு வருகிறதா என்று அத்தை இப்போது தினமும் பார்க்கிறார். வராவிட்டால் போன் செய்யச் சொல்லியிருக்கிறேன்.